பாராசூட்டில் வந்த குத்துவிளக்கு

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் அந்தக் காலை வெயிலுக்கே சுட ஆரம்பித்திருந்தது. அதன்மேல் ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள் புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று, வைக்கோல் மெத்தையில் சாய்ந்து படுத்திருந்தது. கூடை விளிம்பிலிருந்து எட்டுக் கயிறுகள் புறப்பட்டு என் கையிலிருந்த துணிக் குடைக்குப் போயின.

மூன்று மாடிக்குக் கீழே பந்தல். பந்தலுக்கு முன்னால் திறந்த வெளி. அங்கே கோலம் போட்டு, கோலத்தின் ஓரத்தில் செலின் என்ற மாணவி தாம்பாளத்தோடு நின்றாள். பட்டுப்பாவாடை, இரட்டைப் பின்னல். அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, வேண்டாம்" என்றார் என் பக்கத்தில் நின்ற ஆரோக்கியசாமி. கீழே இருப்பவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பது போல மிக மெதுவாகச் சொன்னார். "பூக்கூடையும் மேல கொண்டாந்து வச்சிருக்கேன். அதையே கட்டிடலாம். ரெண்டு நிமிஷ வேலை."

கடவுள் வாழ்த்து முடியப் போகிறது. அது முடிந்ததும் விளக்கு வானத்திலிருந்து இறங்க வேண்டும்.

இந்தத் தொடரை வாரா வாரம் படிக்கும் ஒரு வாசகி, "உங்கள் கல்லூரி நாட்களில் கசப்பே கிடையாதா?" என்று கேட்டு எழுதியிருந்தார். கசப்பு உண்டு. அதைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். இனியும் தள்ளினால் எழுத மாட்டேன் என்று தோன்றுகிறது. எழுதிவிடுகிறேன்.

காசும் இறகும்

எழுபதுகளின் நடுவில் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்கு இயற்பியல் ட்யூட்டர் வேலை கிடைத்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். எம்.எஸ்.ஸி. முடித்த கையோடு கிடைத்த வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி நான் ஸ்தோத்திரம் சொல்வதாக நினைத்துக் கால் தட்டாமல் ஒதுங்கிக்கொள்வார்.

ஆய்வகத்தின் அட்டெண்டர் ஆரோக்கியசாமி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பட்டாளத்தில் பாராசூட் படையில் இருந்தவர். ஆக்ராவில் ஒரு பயிற்சிக் குதிப்பில் இடது கணுக்கால் நொறுங்கி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலை லேசாக இழுத்து நடப்பார். காக்கிச் சட்டையில் மட்டும் பட்டாளத்து மடிப்பு போகவேயில்லை. தற்காலிக வேலைதான், அடுத்த ஜூனில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா கல்லூரியை ஒட்டிய பள்ளியில் இரண்டாம் வகுப்பு. சாயங்காலம் பையோடு வந்து ஆய்வக வாசலில் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருப்பாள்.

பி.யூ.சி. மாணவிகளுக்கு நான் மிகவும் விரும்பிச் செய்து காட்டிய சோதனை ஒன்று உண்டு. ஆள் உயரக் கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு செப்புக் காசு, ஒரு புறா இறகு. சாதாரணமாகக் குழாயைத் தலைகீழாக்கினால் காசு 'டக்' என்று விழும். இறகு தயங்கித் தயங்கி, பக்கவாட்டில் ஆடி வரும். அப்புறம் ஆரோக்கியசாமி பம்ப் அடித்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுவார். எண்ணெய் வாசனையோடு பம்ப் முனகும். அவர் கழுத்தில் வேர்வை வழியும். மறுபடி கவிழ்த்தால் காசும் இறகும் ஒன்றாக அடியில் விழும்.

மாணவிகள் "ஆ" என்பார்கள். அந்த "ஆ" எனக்குக் கைதட்டல் மாதிரி.

"பார்த்தீங்களா? கனமோ லேசோ, எல்லாம் ஒரே மாதிரிதான் விழும்" என்று முடிப்பேன். பாடப்புத்தகக் கணக்குகளும் அப்படித்தான்: கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல், கிணற்றுக்குள் ஒரு பந்து, கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்'. புறக்கணித்துப் புறக்கணித்து, காற்று என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆரோக்கியசாமிக்கு மறக்கவில்லை. காற்றை நம்பிக் குதித்தவர். ஒருநாள் சோதனை முடிந்ததும், சுற்றி நின்ற பெண்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க கூட ஒரு ஹவில்தார் இருந்தார்மா. ஆள் மலை மாதிரி. எனக்கு அப்புறம்தான் குதிப்பார். ஆனா எனக்கு முந்தித் தரையில நிப்பார். குடை ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான்."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு நெருடல். நான் முடித்த பாடத்தை இவர் ஏன் மறுபடி திறக்கிறார்?

பூவுக்குத் தைத்த குடை

அந்த வருடக் கடைசியில் கல்லூரியில் அறிவியல் கண்காட்சி. எங்கள் துறை ஏதாவது புதுமையாகச் செய்ய வேண்டும் என்றார் பிரின்சிபல் அம்மா. பாராசூட் யோசனை என்னுடையது. சிறப்பு விருந்தினர் வந்ததும் மாடியிலிருந்து பூக்கூடை பாராசூட்டில் இறங்கி அவர் முன்னால் வந்து நிற்கும்.

குடையைத் தைத்தவர் ஆரோக்கியசாமி. என் அம்மாவின் பழைய நைலக்ஸ் புடவைகள் இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முக்கோண முக்கோணமாக வெட்டி, நான்கு நாள் தையல் மிஷினில் உட்கார்ந்தார். நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை விட்டிருந்தார்.

"ஓட்டையா?" என்றேன்.

"அது இல்லன்னா காத்து ஓரமா வழியும், குடை ஊஞ்சல் ஆடும். நடுவுல கொஞ்சம் போனாத்தான் நேரா இறங்கும்."

ஒத்திகை பார்த்தோம். ஊதா நிறத்தில் அம்மாவின் புடவை 'புஸ்' என்று விரிந்து நின்றது. பூக்கூடை ஐந்தாறு வினாடி எடுத்துக்கொண்டு, கர்ப்பிணி படியிறங்குவது மாதிரி நிதானமாக இறங்கியது. ஒரு செவ்வந்திகூடச் சிதறவில்லை. செலின் ஓடிப்போய்க் கூடையைத் தாம்பாளத்தில் தாங்கிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு எனக்கு ஒன்று தோன்றியது. பூ என்ன, விளக்கே வானத்திலிருந்து இறங்கினால்? இறங்கிய விளக்கை விருந்தினர் ஏற்றிவைப்பார். பிரின்சிபல் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "பேஷ்! நிகழ்ச்சி நிரலில் போட்டுவிடலாம்" என்றார்.

ஆய்வகத்துக்கு வந்து மாணவிகள் நடுவில் இதை அறிவித்தேன். ஆரோக்கியசாமி விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார்.

"டீச்சரம்மா, இது பூவுக்குத் தைச்ச குடைங்க. விளக்கு அதைவிட நாலு பங்கு கனம் இருக்கு. இன்னும் ஆறு புடவை குடுங்க, பெருசாத் தைச்சுடறேன்."

"அதுக்கெல்லாம் நேரம் இல்ல. கனம் கூடினா என்ன? போன வாரம்தானே குழாயில பார்த்தீங்க? காசும் இறகும் ஒண்ணா விழல?"

"குழாயில காத்து இல்லீங்களே."

அவர் குறும்பாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார். ஆனால் பின் வரிசையில் யாரோ ஒருத்தி 'களுக்'கென்று சிரித்துவிட்டாள். எனக்குக் காது மடல் சூடாயிற்று.

"ஆரோக்கியசாமி, நீங்க பம்ப் அடிங்க. பாடம் நான் எடுக்கறேன்" என்றேன்.

அந்த அறையில் அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, விளக்கைத் துடைக்கத் துணி எடுக்கப் போனார்.

நோட்டின் கடைசிப் பக்கம்

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம், ஆசிரியர் அறையில் தனியாக இருந்தபோது நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கே வரி. விழுகிற பொருளைக் காற்று கீழிருந்து தாங்குகிறது. வேகம் கூடக் கூட அந்தத் தாங்கலும் கூடும். தாங்கலும் கனமும் சமமாகும்போது வேகம் கூடுவது நின்றுபோகும். அதனால்தான் பூக்கூடை அத்தனை நிதானமாக இறங்கியது. கனம் கூடினால், அதைத் தாங்குமளவுக்குக் காற்று தள்ள வேண்டும். அதற்குக் கூடை இன்னும் வேகமாக விழ வேண்டும். நாலு பங்கு கனத்துக்கு இரண்டு பங்கு வேகம்.

ஹவில்தார் முந்தித் தரையில் நின்றதில் அதிசயமே இல்லை.

பேனாவை மூடினேன். அப்போது எழுந்து போய், "ஆரோக்கியசாமி, நீங்க சொன்னதுதான் சரி, பூவையே விடுவோம்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆய்வகம் எதிர் அறைதான். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு பங்கு வேகம்தானே, வைக்கோல் நிறைய வைத்துவிட்டால் விளக்குக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளக்கை நினைத்தேனே தவிர, அதை வாங்க நிற்கப் போகிறவளை நினைக்கவில்லை.

அந்த மூன்று வினாடி

கடவுள் வாழ்த்து முடிந்தது. பந்தலிலிருந்து பிரின்சிபல் அம்மா கையை உயர்த்தினார்.

"டீச்சரம்மா, அந்தப் பொண்ணையாவது நகரச் சொல்லுங்க" என்றார் ஆரோக்கியசாமி.

"விடுங்க கூடையை."

"நான் விட மாட்டேங்க."

கல்லூரியில் அவர் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாடியில் நாங்கள் இருவர் மட்டும்தான். நான் குடையை விரித்து வீசி, கூடையை என் கையாலேயே தள்ளினேன்.

குடை விரிந்தது. விரிந்தும் பயனில்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. ஒத்திகையில் கயிறுகள் தளர்வாக நின்றன. இப்போது வீணைத் தந்தி போல விறைத்திருந்தன. கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூன்றே வினாடியில் இறங்கியது. பக்கத்திலிருந்து, "ஏ பாப்பா, தள்ளு! தள்ளிப் போ!" என்று ஆரோக்கியசாமி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. செலின் ஒத்திகையில் செய்ததைப் போலவே தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு முன்னால் ஓடிவந்தாள்.

தாம்பாளம் தரையில் உருண்ட சத்தம் முதலில் கேட்டது. அவள் அலறல் அதற்கப்புறம்தான் வந்தது.

வலது முன்கையில் எலும்பு இரண்டும் முறிந்திருந்தது. காலை இழுத்துக்கொண்டு எனக்கு முன்பே மாடிப்படி இறங்கி ஓடி, அவள் கையை ஒரு மரப்பலகையில் வைத்துத் தன் துண்டால் கட்டி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் ஆரோக்கியசாமி. நான் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி

அன்று வீட்டில் அம்மா, சாத்தமுது என்று நாங்கள் சொல்லும் ரசத்தைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "ஏண்டி, முகமே சரியில்லையே?"

"காலேஜ்ல ஒரு பொண்ணுக்குக் கை முறிஞ்சுடுத்தும்மா."

"ஐயோ, பெருமாளே! எப்படி?"

"மேலேர்ந்து கூடை விழுந்துடுத்து. அட்டெண்டர் சரியாக் கட்டலை."

யாரும் என்னை மிரட்டவில்லை, எந்த விசாரணையும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். பொய்யை முதல்தடவை வீட்டில் சொல்லிப் பழகிவிட்டால் இரண்டாம் தடவை நாக்கு தடுமாறுவதில்லை.

இரண்டு நாள் கழித்துப் பிரின்சிபல் அறையில் செலினின் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் ஒரு பக்கம், ஆரோக்கியசாமி ஒரு பக்கம் நின்றோம்.

"கூடையைக் கட்டினது யாரு?" என்றார் பிரின்சிபல் அம்மா.

"ஆரோக்கியசாமிதான் கட்டினார், மேடம்" என்றேன்.

அது உண்மைதான். கட்டியவர் அவர்தான். அத்தனை முடிச்சும் அவர் போட்டது; ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. தள்ளியது யார், வேண்டாம் என்று தடுத்தது யார் என்று பிரின்சிபல் அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"என்னய்யா?" என்று பிரின்சிபல் அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

ஆரோக்கியசாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருப்பவர் மாதிரி பார்த்தார். அப்புறம் அவர், "கட்டினது நான்தாங்கம்மா" என்றார்.

ஜூனில் அவரை நிரந்தரமாக்கவில்லை. கவனக்குறைவு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நானும் தகுதிகாண் பருவத்தில்தான் இருந்தேன். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வேலை போயிருந்தால் வீடு தடுமாறியிருக்கும். இதெல்லாம் நிஜம். அவர் வீட்டிலும் இப்படிப்பட்ட நிஜங்கள் இருந்திருக்கும் என்பதை நான் யோசிக்கவே விரும்பவில்லை.

கடைசி நாளன்று ஆய்வகச் சாவிக்கொத்தை என் மேஜைமேல் வைத்தார். "பம்ப் வாஷருக்கு மாசம் ஒருதரம் கிரீஸ் வைக்கச் சொல்லுங்க. காஞ்சா பிடிக்காது" என்றார்.

நான் "சரி" என்றேன். அந்த ஒரு சொல்தான் சொன்னேன்.

செலின் அந்த வருடம் தேர்வு எழுதவில்லை. அடுத்த வருடம் எழுதித் தேறினாள். கை சேர்ந்துவிட்டது, சற்றே கோணலாக. என்னை வழியில் பார்த்தால் அந்தக் கையாலேயே கும்பிட்டுச் சிரிப்பாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

சிமெண்டுப் பை

வருடங்கள் போயின. ஸ்ரீரங்கத்திலேயே எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. எண்பதுகளில், பல நூற்றாண்டாகப் பாதியில் நின்ற எங்கள் கோயிலின் மொட்டைக் கோபுரத்தைக் கட்டி முடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. தெரு முழுக்க அதே பேச்சு. கழுத்து வலிக்க அண்ணாந்து சாரத்தைப் பார்ப்பது ஊருக்கே வழக்கமாகியிருந்தது.

ஒரு காலை துணி உலர்த்த மாடிக்குப் போனபோது, சாரத்தின் உச்சியிலிருந்து ஒரு காலி சிமெண்டுக் காகிதப் பை காற்றில் கிளம்பியது. வயிறு உப்பி, புரண்டு, நின்று, மறுபடி நகர்ந்து, கடைசியில் எங்கள் மாடிக் கொடியில் வந்து படிந்தது. கையில் எடுத்தேன். கனமே இல்லை. இதிலேயே சிமெண்டு நிறைந்திருந்தால் என்று நினைத்தேன். செலின் தாம்பாளத்தோடு ஓடிவந்தது கண்ணில் வந்து நின்றது. ஈரத் துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

அவரைத் தேட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். செய்தேனே தவிர, தேடவில்லை.

சமயபுரத்தில் மழை

தேடாமலே கிடைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரோடு சமயபுரம் போயிருந்தேன். தரிசனம் முடிந்து வெளியே வந்தால் அடைமழை. மாமியாருக்குத் தலைசுற்றல். கடைத்தெருவில் ஒரு லாட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு அறை கேட்கலாம் என்று ஏறினேன்.

கவுண்டரில் இருந்தவர் பேரேட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். தலை நரைத்திருந்தது. சட்டையில் அதே மடிப்பு.

"வாங்க டீச்சரம்மா" என்றார், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர் மாதிரி.

மாமியாரைப் படுக்க வைத்துவிட்டுக் கவுண்டருக்குத் திரும்பி வந்தேன். நின்றுகொண்டே சொன்னேன். நோட்டுப் புத்தகக் கணக்கை, பக்கத்தைக் கிழித்ததை, பிரின்சிபல் அறையில் வாய் மூடி நின்றதை, எல்லாவற்றையும். "என்னை மன்னிச்சுடுங்க" என்றேன்.

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா எனக்கு உதவியிருக்கும் டீச்சரம்மா. இன்னிக்குச் சொல்றது உங்களுக்குத்தான் உதவும். பரவாயில்ல. சொல்லணும்னு தோணிச்சே."

"நான் காலேஜுக்கு எழுதறேன்."

"எழுதுங்க. அவங்க என்ன செய்யப் போறாங்க?"

அவர் சொன்னது போலவேதான் ஆயிற்று. எழுதினேன். பழைய விஷயம், இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன், செய்வீங்களா?" என்றார் அன்று அவர். "என் பொண்ணு இப்ப சாப்பாடு எடுத்துக்கிட்டு வருவா. அவகிட்ட சொல்லுங்க. அந்த ஸ்கூல்ல 'உங்கப்பாதானே அந்த அக்கா கையை ஒடச்சாரு'ன்னு பசங்க கேட்டுக் கேட்டு, பாதி வருஷத்துல நிறுத்திட்டேன். அவளும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கா."

"நீங்க சொல்லலையா?"

"நான் சொன்னா, அப்பன் தன் தப்பை மறைக்கறான்னு தோணும். செஞ்சவங்க சொன்னாத்தானே அது நடந்ததுன்னு ஆகும்?"

ஸ்டெல்லா வந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு, டிபன் கேரியரைக் கவுண்டரில் வைத்தாள். ஆய்வக வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த குழந்தையின் கண்கள் அப்படியே இருந்தன.

கல்லூரியில் நூறு மாணவிகள் முன்னால் ஒருநாளும் நான் வார்த்தை தேடியதில்லை. அந்தப் பெண் ஒருத்தியின் முன்னால் தேட வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்:

"அப்பா வேண்டாம்னு சொன்னாரா?"

"சொன்னார்."

"எத்தனை தடவை?"

நான் எண்ணிப் பார்த்தேன். "ஆய்வகத்துல ஒரு தடவை. மாடியில மூணு தடவை."

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "பத்தாவது படிக்கிறப்ப உன்கிட்ட சண்டை போட்டேனே, உன்னாலதான் என் ஸ்கூல் போச்சுன்னு. அப்பக்கூட நீ வாயத் திறக்கலையேப்பா."

அவர் டிபன் கேரியரின் கொக்கியைக் கழற்றினார். கழன்றதும் மறுபடி மாட்டினார். ஸ்டெல்லா அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதவள் போல மழையைப் பார்த்தேன்.

மழை விட்டது. மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு இறங்கினேன். ஆரோக்கியசாமி வாசல்வரை வந்து, "போயிட்டு வாங்க டீச்சரம்மா" என்றார். நம் பக்கத்தில் எதிரி வீட்டுக்கு வந்தாலும் அப்படிச் சொல்லித்தான் அனுப்புவோம்.

ஸ்டெல்லா அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்து, "வரேம்மா" என்றேன்.

"அப்பா மாதிரி போயிட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு வரலைங்க" என்றாள், குரலை உயர்த்தாமல். "போங்க."